மூலை வளைந்த கட்டமும் ஒற்றை எண்களும்

உங்களிடம் உள்ள வங்கி ஏ.டி.எம். அட்டையைச் சற்று எடுத்துப் பாருங்கள். 85.60 மில்லிமீட்டர் நீளமும் 53.98 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம் அது. ஆனால் முழுமையான செவ்வகமன்று. அதன் நான்கு மூலைகளும் வளைந்திருக்கின்றன. அவ்வளைவின் ஆரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று சர்வதேசத் தரவிதியே வரையறுத்திருக்கிறது. கூரிய மூலை பையைக் குத்தும்; தானும் விரைவில் மடங்கும்.

இனி உங்கள் கைபேசியின் திரையைப் பாருங்கள். அழுத்தும் பொத்தான்கள், செய்தி வந்து நிற்கும் கட்டங்கள், சிறு படங்கள் என எங்கும் அதே வளைந்த மூலைகள்! அட்டையை இயந்திரம் வெட்டித் தருகிறது. திரையில் உள்ள வளைவை யார் வெட்டினார்கள்? கணக்குதான் வெட்டியது.

கணிப்பொறித் திரையில் படிவங்களும் பொத்தான்களும் வரைவதற்குப் புரோகிராம் எழுதுவது என் தொழில். சமையலுக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் இடையே, வீட்டிலிருந்தபடியே செய்து வருகிறேன். "நாள் முழுவதும் கட்டம் கட்டமாக வரைகிறாயே, அதற்குள் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று என் மாமி அன்போடு கேட்பதுண்டு. அதற்குள் இருப்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இப்போது எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பை முடித்துள்ள என் மகள், பதினோராம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவு வேண்டாம் என்கிறாள். "ஒற்றை எண், இரட்டை எண், வட்டத்தின் சமன்பாடு... இவையெல்லாம் வாழ்க்கையில் எங்கே உம்மா வரப்போகின்றன?" என்பது அவளுடைய கேள்வி. 'பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை கணக்கு?' என்று உறவினர் சிலரும் அவளுக்குத் துணைநிற்கின்றனர். அவளை வற்புறுத்த எனக்கு மனமில்லை. மாறாக, உண்மையில் நடந்த ஒரு செய்தியை அவளுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1981ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குப்பர்டினோ நகரில், ஆப்பிள் நிறுவனத்தின் சிறு குழு ஒன்று மெக்கின்டாஷ் என்னும் கணிப்பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் திரையில் கோடுகளையும் வடிவங்களையும் வரைந்து தரும் புரோகிராமை எழுதியவர் பில் அட்கின்சன். அவரும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்தவர். வட்டங்களையும் நீள்வட்டங்களையும் மிக வேகமாக வரையும் வழியைக் கண்டுபிடித்து, அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். நண்பர்கள் வியந்தனர். ஆப்பிளின் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் மட்டும், மூலை வளைந்த செவ்வகத்தை வரைய முடியுமா என்று கேட்டார்.

அது கடினம், அவ்வளவு தேவையும் இல்லை என்றார் அட்கின்சன். ஜாப்ஸ் விடவில்லை. அறையிலிருந்த பொருள்களைச் சுட்டிக்காட்டினார். பிறகு அவரை வெளியே தெருவுக்கு அழைத்துச் சென்று, கண்ணில் பட்ட வளைந்த மூலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். வண்டி நிறுத்தக்கூடாது என்று அறிவிக்கும் பலகையும் அவற்றுள் ஒன்று. அதைக் கண்டதும் அட்கின்சன் ஒப்புக்கொண்டார். மறுநாள் பிற்பகல் அவர் திரும்பி வந்தபோது, சாதாரணச் செவ்வகங்களுக்கு ஏறக்குறைய இணையான வேகத்தில், மூலை வளைந்த செவ்வகங்கள் திரையை நிரப்பின! அக்குழுவில் பணியாற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

வேகம் என்று ஏன் இத்தனை பேசுகிறேன்? 1984இல் விற்பனைக்கு வந்த முதல் மெக்கின்டாஷின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். அதன் திரையில் 512க்கு 342 என்ற கணக்கில் 1,75,104 புள்ளிகள். அதன் மூளையாகிய மோட்டோரோலா 68000 சில்லுக்குத் தசமப் புள்ளி எண்களைக் கையாளும் வசதி கிடையாது. வர்க்கமூலம் காணும் கட்டளையும் கிடையாது. ஆனால் வட்டம் வரைய வர்க்கமூலம் தேவை என்றல்லவா பள்ளியில் படித்திருக்கிறோம்?

அங்கேதான் வந்தன, என் மகள் வேண்டாமென்ற ஒற்றை எண்கள்! ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். 1. அதோடு 3 சேர்த்தால் 4. மேலும் 5 சேர்த்தால் 9. மேலும் 7 சேர்த்தால் 16. எல்லாமே வர்க்க எண்கள். நம்பிக்கை வராவிட்டால் ஒரு கை புளியங்கொட்டையைத் தரையில் பரப்புங்கள். ஒன்றை வையுங்கள். அதன் ஒரு பக்கத்தையும் அடியையும் சுற்றி மூன்று வைத்தால், இரண்டுக்கு இரண்டு சதுரம். அதைச் சுற்றி அவ்வாறே ஐந்து வைத்தால், மூன்றுக்கு மூன்று சதுரம். இப்படியே வளரும்.

இனி, 5 புள்ளி ஆரமுள்ள ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5இன் வர்க்கம் 25. மையத்திலிருந்து மூன்று வரிசை மேலே ஏறினால் 1, 3, 5 ஆகியவற்றைக் கழிக்கவேண்டும். மிச்சம் 16. அந்தப் பதினாறில் எத்தனை ஒற்றை எண்கள் அடங்கும்? 1, 3, 5, 7 என நான்கு. ஆகவே அவ்வரிசையில் மையத்துக்கு இருபுறமும் நான்கு புள்ளிகள் வரை வட்டம் பரவும். இன்னொரு வரிசை ஏறினால் 7 கழியும். மிச்சம் 9, அதில் மூன்று ஒற்றை எண்கள் அடங்கும். எனவே மூன்று புள்ளிகள். பெருக்கல் இல்லை, வர்க்கமூலம் இல்லை. கூட்டலும் கழித்தலும் மட்டுமே! அட்கின்சனின் வேகமான வட்டங்களுக்குள் இருந்த இரகசியம் இந்த ஒற்றை எண் கணக்குத்தான். வட்டத்தை நான்காக வெட்டி, கால்பகுதிகளை நான்கு மூலைகளுக்கு நகர்த்தி, இடையே நேர்கோடுகளால் இணைத்தால் மூலை வளைந்த செவ்வகம் பிறந்துவிடும்.

இன்றைய கணிப்பொறிகளுக்கு வர்க்கமூலம் ஒரு பொருட்டன்று. விண்டோஸில் இவ்வடிவத்துக்கென்றே ரவுண்ட்ரெக்ட் என்னும் கட்டளை உள்ளது. கெய்ரோ என்னும் வரைகலை நூலகத்தில் நேரடிக் கட்டளை இல்லாததால், நான்கு கால்வட்டங்களை நாமே வரிசையாக இணைக்கிறோம். எவ்வழியில் வரைந்தாலும் கணக்கு நம்மை விடுவதில்லை. 200 புள்ளி அகலமும் 40 புள்ளி உயரமும் கொண்ட பொத்தானுக்கு மூலை ஆரம் 20க்கு மேல் போகக்கூடாது. 20 வைத்தால் மாத்திரைக் குப்பி போல் இரு முனைகளும் அரைவட்டமாகும். அதற்கு மேல் போனால் வளைவுகள் ஒன்றோடொன்று மோதும். ஒரு கட்டத்துக்குள் 4 புள்ளி இடைவெளி விட்டு மற்றொரு கட்டம் வரைகிறோம். வெளி மூலையின் ஆரம் 12 என்றால் உள் மூலைக்கு 8 தரவேண்டும். உள்ளேயும் 12 தந்தால் மூலையில் மட்டும் இடைவெளி தடித்து, பார்ப்பவர் கண்ணை உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்று பலருக்குச் சொல்லத் தெரியாது. கணக்கறிந்தவருக்குத் தெரியும்.

இவ்வரலாற்றில் என் மனம் கவர்ந்தவை இரண்டு. தெருவில் இறங்கிக் கண்ணைத் திறந்து பார்த்ததால் தேவை புரிந்தது. பள்ளிப் பாடத்தின் எளிய கணக்கு கையில் இருந்ததால் தேவை நிறைவேறியது. பார்வை மட்டும் இருந்திருந்தால் அது ஆசையாகவே நின்றிருக்கும். கணக்கு மட்டும் இருந்திருந்தால் வட்டத்தோடு முடிந்திருக்கும். ஜாப்ஸ் 2011ஆம் ஆண்டிலும், அட்கின்சன் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் மறைந்துவிட்டனர். அவர்கள் அன்று விரும்பி வரைந்த வடிவமோ நம் உள்ளங்கைத் திரை வரை வந்துவிட்டது.

என் மகள் புளியங்கொட்டைகளை ஏழுக்கு ஏழு வரை அடுக்கினாள். பின், தானே ஒரு தாளில் 10 புள்ளி ஆரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பள்ளியில் விண்ணப்பம் தர இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. அவள் எந்தப் பிரிவை எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன். உயிரியலில் நாட்டம் என்றால் மகிழ்ச்சி. வரலாற்றில் நாட்டம் என்றாலும் மகிழ்ச்சி. 'கணக்கால் பயனில்லை' என்பதையும் 'பெண்ணுக்குத் தேவையில்லை' என்பதையும் மட்டும் காரணமாக ஏற்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளும் இதே கேள்வியோடு உங்களிடம் வரலாம். மதிப்பெண்ணைக் காட்டியோ வேலையைக் காட்டியோ மட்டும் பதில் சொல்லாதீர்கள். ஒரு கணக்கு எங்கே உயிரோடு இருக்கிறது என்பதை அவர்கள் கையால் தொட்டறியச் செய்யுங்கள். அதன் பிறகு வேண்டாமென்றால், அறிந்து எடுத்த முடிவு அது. அறியாமலேயே ஒரு கதவை அவர்கள் மூடிவிட நாம் துணைபோகலாகாது.