எழுத முடியாத பெயர்கள்

குளிர்காலத்தில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் மலையின் நிழல் பள்ளத்தாக்கை மூடிவிடுகிறது. துடைப்பப்புல் வெட்டப் போனவர்கள் திரும்பும் நேரம். வாசலில் நிற்கும் ஒரு தாய் காட்டைப் பார்த்துக் குரல் எழுப்புகிறாள். அதில் ஒரு சொல்கூட இல்லை. ஏறி, வளைந்து, இறங்கி, அரை நிமிடத்துக்கு நீளும் ஒரு மெட்டு மட்டும். புதிதாக வந்தவர் ஏதோ பறவை என்று நினைப்பார். ஊர்க்காரர்களுக்கோ யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். அந்த மெட்டுதான் மகனின் பெயர்.

மேகாலயாவின் கிழக்கு காசி மலை மாவட்டத்தில், ஷில்லாங்கிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கோங்தோங். தூரம் சிறிதுதான். ஆனால் மலைப்பாதை அதை மூன்று மணி நேரப் பயணமாக்கிவிடுகிறது. சுற்று வட்டாரத்துக்கு காதார்ஷ்னோங் என்று பெயர். காசி மொழியில் 'பன்னிரண்டு கிராமங்கள்' என்று பொருள். (இந்தக் காசிக்கும் கங்கைக்கரைக் காசிக்கும் தொடர்பில்லை. இது ஒரு பழங்குடியின் பெயர்.) உலகிலேயே அதிக மழை பெறும் சோராவும் மாசின்ராமும் இதே மலைத்தொடரில்தான் இருக்கின்றன. சுமார் 700 பேர் வாழும் கோங்தோங்குக்கு மின்சாரம் 2000-ல் வந்தது. வண்டி போகும் மண் சாலை 2013-ல்தான் வந்தது. அதுவரை பாக்கும் தேனும் துடைப்பப்புல்லும் முதுகுக் கூடையில்தான் சந்தைக்கு ஏறின.

இங்கே பிறக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று பள்ளிப் பதிவேட்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் உரியது. மற்றது தாய் அமைத்துத் தரும் மெட்டு. 'ஜிங்ர்வாய் இயாவ்பெய்' என்பது இந்த வழக்கத்தின் பெயர். 'ஜிங்ர்வாய்' என்றால் பாட்டு. 'இயாவ்பெய்' என்பவள் குலத்தின் முதல் தாய். குலமுதல்விக்குச் செய்யும் மரியாதையாகவே ஒவ்வொரு தாயும் தன் குழந்தைக்குப் புதிய மெட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள். அண்டை கிராமங்கள் சிலவற்றிலும் இந்தப் பழக்கம் உண்டு.

குழந்தை பிறந்ததும் வீட்டார் அந்த மெட்டை அதன் காதருகே ஓயாமல் முணுமுணுக்கிறார்கள். பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்குத் தன் பெயர் தெரிந்துவிடுகிறது. மெட்டுக்கு இரண்டு வடிவங்கள். வீட்டுக்குள் கூப்பிட அதன் சிறு துணுக்கு போதும், நம் செல்லப்பெயர்போல. காட்டிலும் மலைச்சரிவிலும் முழு மெட்டு வேண்டும். எதிர்மலைக்குச் சொல் போய்ச் சேர்வதற்குள் சிதைந்துவிடும், நீண்ட ஓசை சேர்ந்துவிடும். இதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் வேறு. காட்டில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தால் அங்கே உலவும் ஆவிகள் அதைக் கேட்டுக்கொள்ளும், பெயருக்கு உரியவருக்கு நோய் வரும். மெட்டாக அழைத்தாலோ ஆவிகளுக்கு அது மனிதனா, பறவையா என்று தெரியாது.

தாய்க்குக் கோபம் வந்தால்? அப்போது வாயில் வருவது பதிவேட்டுப் பெயர்தான் என்று இவ்வூர்த் தாய் ஒருவர் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார். மெட்டு அன்பின் மொழி, அதில் திட்ட முடியாது.

காசி சமூகத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும். 'பெண்ணிலிருந்தே குலம்' என்பது அவர்களது அடிப்படை வழக்கு. குழந்தைகள் தாயின் குலப்பெயரையே ஏற்கிறார்கள். மூதாதையர் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. மொழியில் சூரியன் பெண், சந்திரன் ஆண். குலப்பெயரைத் தருபவளே அழைக்கும் பெயரையும் படைப்பது இந்த ஒழுங்கின் நீட்சிதான்.

ஆனால் காசிகள் எல்லோரும் மெட்டில் பெயர் வைப்பவர்கள் அல்லர். மரபான காசிப் பெயர்சூட்டு விழாவை பி.ஆர்.டி. கர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1907-ல் வெளியான 'தி காசிஸ்' நூலில் வர்ணித்திருக்கிறார். ஆண் குழந்தையானால் வில்லும் மூன்று அம்புகளும் வைக்கப்படும். பெண் குழந்தையானால் வெட்டுக்கத்தியும், நெற்றியில் மாட்டிக் கூடை சுமக்கும் பட்டையும் வைக்கப்படும். சுரைக்குடுக்கையிலிருந்து மதுவை ஊற்றியபடியே சடங்கு செய்பவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். குடுக்கையின் வாயில் கடைசிச் சொட்டு விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது சொல்லப்படுவது எந்தப் பெயரோ, அதுவே குழந்தையின் பெயர். அங்கே தேர்ந்தெடுப்பது ஒரு துளி. கோங்தோங்கில் தேர்ந்தெடுப்பது ஒரு தொண்டை.

1841-ல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் பாதிரியார் சோராவுக்கு வந்து காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தார். மதத்தோடும் பள்ளியோடும் ஆங்கிலப் பெயர்களும் மலையேறின. மேகாலயாவில் தேர்தல் வந்தால் தேசியப் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அடால்ஃப் லூ ஹிட்லர் மராக், ஃபிராங்கன்ஸ்டைன் மோமின் என்று வேட்பாளர் பட்டியலைப் படித்துச் சிரிப்பார்கள். இவர்கள் இருவரும் அடுத்த மலையின் காரோ இனத்தவர். காசிப் பகுதிகளிலோ அயல்நாடுகளின் பெயர்களையே சூடிய வாக்காளர்கள் இருப்பது 2018 தேர்தலின்போது செய்தியானது. பொருள் தெரியாமல் வைத்த பெயர்கள் என்பது கேலி. ஓசை பிடித்திருந்தது, வைத்தோம் என்பது மலைமக்கள் தரும் விளக்கம்.

கோங்தோங்கைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் அசட்டுத்தனமாகத் தோன்றாது. சமவெளியில் ஒரு பெயரைக் கேட்டதும் எழும் முதல் கேள்வி 'என்ன அர்த்தம்?' என்பது. புத்தகக் கடைகளில் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. தமிழில் பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். அங்கே பெயர் ஒரு பரம்பரைச் சொத்து. கோங்தோங்கின் மெட்டுக்கோ அகராதியில் இடமில்லை, வாரிசும் கிடையாது. ஒருவர் இறந்தால் அவரது மெட்டும் அவரோடு போய்விடுகிறது. அதை இன்னொரு குழந்தைக்கு வைப்பதில்லை. 'யார் தந்தது?' என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் உண்டு.

இந்த அருமைதான் இப்போது ஊருக்குச் சோதனையாகவும் வந்திருக்கிறது. சாலை வந்ததும் கேமராக்கள் வந்தன. 'சீழ்க்கைக் கிராமம்' என்று வெளியுலகம் அதற்கொரு பெயர் வைத்தது. அப்போதைய நியமன மாநிலங்களவை உறுப்பினர் ராகேஷ் சின்ஹா 2019-ல் ஊரைத் தத்தெடுத்து, யுனெஸ்கோ அங்கீகாரம் கோரினார். 2021-ல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமப் போட்டிக்கு இந்தியா பரிந்துரைத்த மூன்று ஊர்களில் கோங்தோங்கும் ஒன்று. விருது தெலங்கானாவின் போச்சம்பள்ளிக்குப் போனது. பரிந்துரைக்கு நன்றியாக ஊரார் பிரதமர் மோடிக்கென ஒரு மெட்டு அமைத்தார்கள். முதல்வர் கான்ராட் சங்மா அதன் வீடியோவை வெளியிட, நாடே கேட்டது.

விருந்தினருக்குப் பாக்கு வெற்றிலை தருவது காசி மரபு, மெட்டுத் தருவதும் அந்த உபசாரத்தின் தொடர்ச்சி எனலாம். சுற்றுலாவால் வரும் வருமானத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. துடைப்பப்புல்லை நம்பி வாழும் ஊரில் தங்கும் விடுதிக்குக் கிடைக்கும் வாடகை ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. ஆனால் மகனை வீட்டுக்கு அழைக்கும் குரல் வேறு, வந்தவர் கேட்டதற்காகப் பாடிக்காட்டும் குரல் வேறு. முன்னது பெயர், பின்னது நிகழ்ச்சி. பார்வையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும் என்பதுதான் சிக்கல்.

பாடிக்காட்டுவதைவிடப் பெரிய ஆபத்து, அழைக்க ஆள் இல்லாமல் போவது. மேல்படிப்புக்கும் வேலைக்கும் ஷில்லாங்கோ அதற்கு அப்பாலோ போகும் பிள்ளைகளுக்கு அங்கே எழுத்துப்பெயர்தான் செல்லும். விடுதி வருகைப் பதிவேட்டில் மெட்டை எழுத இடமில்லை. கைப்பேசி வந்த பிறகு எதிர்மலையை நோக்கிக் குரல் கொடுக்க வேண்டிய தேவையும் குறைகிறது. மெட்டுகளை ஒலிப்பதிவு செய்து காக்கலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் கூப்பிடும் தாயும், கேட்டுத் திரும்பும் பிள்ளையும் இருக்கும்வரைதான் அது பெயர். இருவரும் இல்லாத இடத்தில் பதிவில் மிஞ்சுவது இனிய ஓசை மட்டுமே.

இருள் சூழ்ந்த சரிவில் புல்கட்டுகளோடு ஆட்கள் ஏறி வருகிறார்கள். வாசலில் நிற்கும் தாய் இன்னொரு முறை குரல் கொடுக்கிறாள். இந்த முறை முழு மெட்டு இல்லை, சிறு துணுக்குதான். பிள்ளை கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டான்.