பத்தில் ஒரு விநாடி

காலேஜ் என்.சி.சி. பேண்டில் நான் ஆசைப்பட்டது சைடு டிரம். கழுத்தில் மாட்டிவிட்டது பேஸ் டிரம்! சைடு டிரம் அடிக்கிறவன் குச்சியைச் சுழற்றினால் கைதட்டல் பறக்கும். நமக்கு? 'டும்... டும்...' அவ்வளவுதான். அந்த 'டும்'மையும் ஒரு சுதந்திர தினத்தில் சொதப்பினேன்.

அன்னிக்கு பேண்டை இரண்டாகப் பிரித்து, கிரவுண்டின் இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். எதிர்ப்பக்கத்துல இருந்து வந்த சைடு டிரம் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அடிச்சேன். நடந்து வந்தவங்க காலெல்லாம் பின்னிக்கிச்சு! திட்டு விழுந்தது என் ரூம்மேட்டுக்கு. அவன்தான் சைடு டிரம் லீடர். 'வேகமா ஓடிட்டே'ன்னு சொல்லி அடுத்த பரேடுக்கு அவனைத் தூக்கிட்டாங்க. நான் வாயே திறக்கலை. 'காதால கேட்டுத்தானே அடிச்சேன், நான் எப்படித் தப்பா அடிச்சிருப்பேன்?'னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அந்தச் சமாதானத்தை உடைச்சது அமெரிக்காவின் டிரம் கோர்!

யூடியூபில் தற்செயலா சிக்கியது. புட்பால் மைதானம் முழுக்க 150 இளைஞர்கள். எல்லாம் நம்ம வயசுதான். 22 வயசைத் தாண்டினால் பெரும்பாலும் பைபை! பித்தளைக் குழல்களும் டிரம்களும் முழங்க, ஓடிக்கொண்டே வாசிக்கிறார்கள். 1972-ல் இருந்து டி.சி.ஐ. என்ற அமைப்பு இதற்கு சாம்பியன்ஷிப் நடத்துகிறது. ஒரு ஷோ 11, 12 நிமிஷம்தான். அதில் ஒவ்வொரு டிரம் அடியையும் எழுதித் தருகிறவர் 'பெர்கஷன் அரேஞ்சர்'. நான் ரசிகனானது இவங்களுக்குத்தான்.

இவங்க வேலையில் பெரிய வில்லன் யார் தெரியுமா? தூரம்! சத்தம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்கிறவன் அடிச்சது நம்ம காதுக்கு வர பத்தில் ஒரு விநாடி ஆகும். அவங்க வாசிக்கிற வேகத்துக்கு அதுக்குள்ள ஒரு நோட்டே ஓடிப்போயிடும். அதனால ஒரு சட்டம்: பின்னால் நிற்கிறவன் முன்னால் இருந்து வரும் சத்தத்தை நம்பக் கூடாது, கண்ணால் கண்டக்டரைப் பார்க்கணும். முன்னால் மரிம்பா வாசிக்கிறவன் பின்னால் இருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, அதோடு சேர்ந்துக்கணும்.

இதைப் புரிஞ்சுக்கிட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காதை நம்பி அடிச்ச நான்தான் லேட். ரூம்மேட் சரியாத்தான் அடிச்சிருக்கான்!

என் ஃபேவரிட் லிஸ்ட்டுக்கு வர்றேன். முதல் ஆள் ஃப்ரெட் சான்ஃபோர்ட். 1970களில் சான்டா கிளாரா வான்கார்டின் டிரம் வரிசையைச் செதுக்கியவர். டி.சி.ஐ.யின் சிறந்த பெர்கஷன் விருதே இன்னிக்கு அவர் பேரில்தான் இருக்கு.

அடுத்தது தாம் ஹன்னம். கார்ஃபீல்ட் கேடட்ஸ் 1983, 84, 85-னு ஹாட்ரிக் அடிச்சப்போ டிரம் எழுதியவர். ஆனா நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் தோற்ற ஷோவை! 1993-ல் ஸ்டார் ஆஃப் இண்டியானாவுக்காக பார்பர், பார்டோக் இசையை வைத்துச் செய்தது. ஈஸியா கைதட்டல் வாங்குற சமாச்சாரமே இருக்காது. ஃபைனல்ஸ் மார்க் 97.3. ஜெயிச்ச கேடட்ஸுக்கு 97.4. அங்கேயும் பாருங்க, அதே பத்தில் ஒண்ணு! அத்தோடு போட்டியை விட்ட அந்தக் குழு பிறகு 'பிளாஸ்ட்' என்ற மேடை நிகழ்ச்சியாக மாறி, 2001-ல் டோனி விருதே வாங்கியது.

மூணாவது, பால் ரென்னிக். 2008-ல் ஃபான்டம் ரெஜிமென்ட் 'ஸ்பார்டகஸ்' ஷோவில் 0.025 மார்க்கில் ஜெயித்தபோது டிரம் அவர் எழுதியது. 2018-ல் வான்கார்டு 19 வருஷத்துக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியபோதும் அவர்தான், மனைவி சாண்டி ரென்னிக்கோடு சேர்ந்து. மெதுவா அடிக்கிற இடத்துலதான் அவர் யாருன்னு தெரியும்.

இவங்க எல்லாரும் எனக்கு மரியாதை வாங்கித் தந்தது பேஸ் டிரம்முக்கு! அங்கே பெரும்பாலும் ஐந்து பேர், ஐந்து சைஸ், ஐந்து சுருதி. ஒரே ஓட்டத்தை ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு அடியாகப் பிரிச்சு எழுதுவாங்க. தனியா யார்கிட்டேயும் பாட்டு கிடையாது. ஒருத்தன் அசந்தாலும் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை தெரியும். 'டும்... அவ்வளவுதானே'ன்னு சலிச்சுக்கிட்ட எனக்கு, அந்த ஒரு 'டும்' சரியான நேரத்துல விழலைன்னா என்ன ஆகும்னு அப்போதான் உறைச்சது.

மறுநாள் மெஸ்ஸில் ரூம்மேட்டிடம் எல்லாத்தையும் சொன்னேன். 340 மீட்டர் கணக்கு உட்பட. அடிப்பான்னு நினைச்சேன். இட்லியைப் பிய்ச்சுக்கிட்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீ எப்ப சொல்வேன்னுதான் பார்த்துட்டிருந்தேன்" என்றான்.

சத்தம் வந்து சேர பத்தில் ஒரு விநாடி. நான் வந்து சேர ஏழு மாசம்!