வாளியை யார் தூக்குவது?



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து ஆண்கள் கடந்து போகவும் வேண்டாம். இதில் வரும் ராத்தாவிடம் கேட்டு, அவர் சம்மதம் தந்த பிறகுதான் எழுதுகிறேன். "பேரப் போடாம எழுதுங்க டீச்சர், நாலு பேருக்கு விளங்கட்டும்" என்றார்.

எங்களிடம் பெண்களுக்கான ஒரு வீட்டுத்தோட்ட வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 2022 ஜூன் மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பாடசாலைகள் மூடிக் கிடந்தன. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தருகிறோம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்கம் சொன்ன காலம். அதற்கு முந்திய வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ததில் மரக்கறி விலையும் ஏறிப் போயிருந்தது. அந்த நேரம் ஏழு பேராகத் தொடங்கிய குரூப்பில் இப்போது 80 பேருக்கு மேல் இருக்கிறோம். எங்கள் ஊர், பக்கத்து ஊர்கள், காரைதீவுச் சகோதரிகள், கல்யாணம் முடித்துத் தூர இடம் போனவர்கள் என்று எல்லோரும் உண்டு. பயற்றங்கொட்டை மாற்றிக்கொள்வோம், வெண்டியில் பூச்சி பிடித்தால் படம் போட்டுக் கேட்போம். பலர் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லை.

அந்தக் குரூப்பில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் முதலில் கேட்பது இந்த ராத்தாவிடம்தான். வயது 47. கணவர் கட்டாரில். வீட்டில் வயதான உம்மாவும் ஓ.எல். படிக்கிற மகனும். வளவின் பின்பக்கம் 46 பைகளும் சாடிகளும் வைத்திருக்கிறார். கத்தரி, கொச்சிக்காய், பாகல், பூசணி, கங்குன், வல்லாரை எல்லாம் உண்டு.

இரண்டு வருடமாக அவருக்கு மாதவிடாயில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் கிளினிக் போனார். இரத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டிகள் தெரிந்தன. புற்றுநோய் இல்லை, பல பெண்களுக்கு வருகிற சாதாரண நார்க்கட்டிகள்தான், ஆனால் பெரிதாகிவிட்டன. இரத்தம் ஏற்றி, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக முடிந்தது.

இந்த ஒப்பரேஷனைப் பற்றி நம் பெண்களே மெதுவான குரலில்தான் பேசுவோம். "பெண்டுகள்ட ஒப்பரேஷன்" என்று சொல்லி முடித்துவிடுவோம். மெதுவாகப் பேசுவதால் அதன் பாரமும் மற்றவர்களுக்குத் தெரியாமல் போகிறது. வெளியே தையல் ஒரு கிழமை, பத்து நாளில் ஆறிவிடும். உள்ளே வெட்டித் தைத்த தசைகள் இறுக ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை செல்லும். அதற்குள் பாரம் தூக்கினால் தையல் இளகலாம், பிறகு அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது ராத்தாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள்: ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, ஆனால் படுத்த படுக்கையாகவும் இருக்கக் கூடாது, வீட்டுக்குள் மெல்ல மெல்ல நடக்க வேண்டும்.

செய்தி குரூப்பில் வந்ததும் துஆக்கள் நிறைந்தன. பூங்கொத்துப் படங்கள், கையேந்துகிற படங்கள், "ஷிபா கிடைக்கட்டும்" என்று அறுபது எழுபது செய்திகள். அதற்கு நடுவில் காரைதீவிலிருந்து ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், ஒரு வரி போட்டார்:

"எல்லாம் சரி, அக்காட வீட்டில வாளிய ஆர் தூக்கிறது?"

கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

அது கச்சான் காற்று வீசுகிற காலம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றாவிட்டால் பையில் உள்ள செடி இரண்டு நாளில் கருகும். குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டால் பில் கட்ட முடியாது. கிணற்றில் மோட்டர் இல்லை, கப்பிதான். மிஸ்ஸி கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பைக்கு 2 லீற்றர் என்றால் 46 பைக்கு 92 லீற்றர். 10 லீற்றர் வாளியில் ஒன்பது தடவைக்கு மேல். இரண்டு நேரத்துக்கும் 18 வாளி. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே ஒவ்வொரு வாளியும் 10 கிலோ. "அக்கா சும்மா இருக்க மாட்டா. செடி வாடினதக் கண்டா நாலாம் நாளே வாளியத் தூக்கிருவா" என்றும் எழுதினார். ராத்தாவைத் தெரிந்த எல்லோருக்கும் அது உண்மை என்று தெரியும்.

பாடசாலையில் ஒரு ஆசிரியர் லீவு என்றால் அவருடைய வகுப்பைச் சும்மா விட மாட்டோம். நேரசூசியைப் பார்த்து, இந்தப் பாடவேளைக்கு இன்னார் ரிலீஃப் என்று காலையிலேயே எழுதி ஒட்டிவிடுவோம். அதையே இங்கும் செய்தோம். நேரசூசி போடுகிற வேலை எனக்கு வந்தது, அது எனக்குப் பழகிய வேலை. காலைக்கு ஊருக்குள் உள்ள ஏழு பேர், ஆளுக்கொரு நாள். மாலைக்கு ஐந்து பேர், அதில் மூன்று பேர் காரைதீவிலிருந்து. மாலையில் இரண்டு நாள் வெற்றிடமாகவே இருந்தது.

கூடவே சில நிபந்தனைகளும் போட்டோம். பின் கடப்பால் வர வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும், போக வேண்டும். நோயாளியைப் பார்க்க உள்ளே போகத் தேவையில்லை. தேத்தண்ணி தந்தாலும் குடிக்கக் கூடாது. காய்த்ததைப் பறித்துக் குசினிப் படியில் வைத்துவிட வேண்டும்.

அந்தத் தேத்தண்ணி நிபந்தனையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். ஆனால் முதல் கிழமையில் அந்த வீட்டுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் விசாரிக்க வந்து போனார்கள். ஒவ்வொருவருக்கும் ராத்தா உடுப்பு மாற்றி, எழும்பி உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். 70 வயது தாண்டிய உம்மா அடுப்படியில் தேத்தண்ணி போட வேண்டும். மகன் பிஸ்கட் வாங்கக் கடைக்கு ஓட வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத்து, அதை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. போனால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி வருவதும் அந்தச் சுன்னத்தின் ஒழுங்குதான். வந்தவர்களில் சிலர், "நானெல்லாம் எட்டாம் நாளே அடுப்படிக்குப் போனேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் போனார்கள். அதைக் கேட்ட நோயாளிக்குப் படுத்திருப்பதே வெட்கமாகிவிடும்.

தூரத்தில் உள்ளவர்களும் சும்மா இருக்கவில்லை. சாடிகளைக் கிட்டக் கிட்ட நெருக்கி வைத்தால் வெயில் குறையப் படும் என்றார் ஒருவர். பையின் மேல் பொச்சைப் பரப்பினால் ஈரம் நிற்கும் என்றார் இன்னொருவர். சோடாப் போத்தல் மூடியில் ஊசித் துளை போட்டுத் தலைகீழாகக் குத்துகிற முறையைக் காட்டி ஒருவர் வீடியோ அனுப்பினார். இரண்டாம் கிழமையில் 18 வாளி பத்து வாளியாகக் குறைந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் வர வேண்டியவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல். யாரும் போகவில்லை, கொச்சிக்கன்றுகள் ஒரு வரிசை கருகியது. அதைவிடப் பெரிய சிக்கல் ராத்தாவின் உம்மாவிடமிருந்து வந்தது. "நமக்கு ஆள் இல்லையா? ஊரார் வந்து தண்ணி ஊத்துற அளவுக்கு நாம என்னத்துக்குக் கெட்டுப் போனோம்?" என்று அழுதார். உதவி வாங்குவது அவருக்கு மானப் பிரச்சினை. மூன்றாம் நாள் விடிய சுபஹுக்குப் பிறகு வந்த சகோதரி, தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டுக் கடப்பில் நின்று, "உம்மா, போன வருஷம் என்ட பாகல் முழுக்கச் செத்துப் போன நேரம் உங்கட மகள்தான் கன்று தந்தா. நான் கடன் கட்ட வந்திருக்கன்" என்றாராம். அதற்குப் பிறகு உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

காரைதீவுச் சகோதரிகள் வந்ததையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒருவர் வளவுக்குள் மற்றவர் கால் வைக்கக் கூச்சப்பட்ட காலம் நமக்கெல்லாம் தெரியும். வேலை முடிந்து வீடு போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கிணற்றில் அள்ளி ஊற்றிவிட்டுப் போனார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, செய்தவர்களும் பேசவில்லை.

இரண்டாம் கிழமை ராத்தாவின் மனம் இருண்டுவிட்டது. போனை எடுக்கவில்லை, குரூப்பில் எதற்கும் பதில் இல்லை, காரணம் இல்லாமல் அழுதார். இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு இப்படிச் சிலருக்கு வருவதுண்டு, நீண்டு போனால் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார். பிள்ளை பெற்று முடித்த பெண்தானே, கர்ப்பப்பை போனால் என்ன என்று ஆட்கள் லேசாகச் சொல்வார்கள். உடம்பில் ஒன்றை இழந்தவருக்கு அது லேசு இல்லை.

அந்த நேரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, தன் பூசணிப் பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுகிறது என்று படம் போட்டாள். விடை தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்தோம். ஒருவர் மட்டும் எழுதினார்: "இத ராத்தாதான் சொல்லணும். நாங்க காத்திருக்கோம்." மற்றவர்களும் புரிந்துகொண்டு வாய் திறக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு ராத்தாவின் வொய்ஸ் வந்தது. நான்கு நிமிடம். குரல் மெலிந்துதான் இருந்தது. "புள்ள, அது நோய் இல்ல. தேனீ வரல்ல. காலைல பூ விரிஞ்ச உடனே ஆண் பூவப் பறிச்சு, இதழக் கழட்டிட்டு, அடியில பிஞ்சு இருக்கிற பூக்குள்ள மெதுவாத் தடவி விடு. வெயில் ஏறினாப் பூ மூடிரும், பிந்தாத" என்று தொடங்கி, ஆண் பூவை எப்படி அடையாளம் காண்பது என்பது வரை சொன்னார். அன்றுதான் மகள் வாய் நிறையப் பேசினாள் என்று உம்மா அடுத்த நாள் கடப்பில் நின்று சொன்னாராம்.

எனக்குப் பெரிய பாடம் அதுதான். பழம் கொண்டு போகிறோம், ஹோர்லிக்ஸ் கொண்டு போகிறோம், துஆ கேட்கிறோம். ஆனால் ஒரு ஆளுக்கு வருத்தம் வந்த நாளிலிருந்து அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். தையலைப் பற்றி மட்டுமே கேட்கிறோம். தனக்குத் தெரிந்ததை நாலு பேர் தேடி வந்து கேட்கும்போது படுக்கையில் கிடப்பவருக்கும் தான் இன்னும் தேவையான ஆள் என்று தெரிகிறது.

நேரசூசியில் இருந்த அந்த இரண்டு வெற்றிடமும் மூன்றாம் கிழமை நிரம்பின. ராத்தாவின் மகன் உம்மாவின் போனில் பட்டியலைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரைப் போடச் சொன்னான். பதினாறு வயது. கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு எதையும் தூக்காத பிள்ளை. கூடாத பிள்ளை இல்லை. அது அவனுடைய வேலையும்தான் என்று இவ்வளவு காலமும் வீட்டில் யாரும் சொல்லவில்லை. இப்போது குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாம் அவன் பொறுப்பு.

ஆறு கிழமை முடிந்து கிளினிக் போனபோது காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். இப்போதும் ராத்தா அரை வாளிக்கு மேல் தூக்குவதில்லை. 46 பையில் 39 மிச்சம். போன மாதம் குரூப்பில் இன்னொரு சகோதரிக்குப் பித்தப்பை ஒப்பரேஷன். அதற்குப் போட்ட நேரசூசியில் ராத்தாவின் பெயர் இல்லை, அவருடைய மகனின் பெயர் இருக்கிறது.

உங்கள் தெருவிலும் யாராவது ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு வருவார்கள். அங்கே போக முன் அந்த வீட்டில் தண்ணீர் யார் தூக்குகிறார், சோறு யார் ஆக்குகிறார், உடுப்பு யார் துவைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். "ஏதாவது தேவைப்பட்டாச் சொல்லுங்க" என்று சொன்னால் நம் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை பகல் சோறு நான் தாறன்" என்று நாளையும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், அதிக இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் என்று ஏதாவது தெரிந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இரண்டு வருடம் இரத்தப்போக்கை மறைத்து வைத்திருக்கும் சகோதரி யாராவது இதை வாசித்தால், வருகிற கிளினிக் நாளிலேயே போய்க் காட்டுங்கள். வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று யோசித்துத்தான் பின்போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உள்ள ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நேரசூசி போட்டுக்கொள்ளலாம்.

அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் பூரண சுகத்தைத் தருவானாக.