விளக்கம் கேளாத தண்டனை

தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். ஊழியர்மீது குற்றச்சாட்டு எழுந்தால், முதலில் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும், பின்னரே தண்டனை. நாள்தோறும் நான் கோப்புகளில் எழுதும் இவ்விதியை என் இல்லத்திலேயே மீறினேன்.

எங்கள் மணி, பொமரேனியன் நாய். வயது பத்து. மாடிப்படியில் என் காலடியோசை கேட்டதும் கதவருகே வந்து நிற்பான். வீட்டினுள் ஒருநாளும் அசுத்தம் செய்தறியான்.

சென்ற குளிர்காலத்தில் அவன் போக்கு மாறியது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தான். இரவில் கூடத்திலேயே சிறுநீர் கழித்தான். உண்டு முடித்த கையோடு என் மகளின் தட்டிலிருந்து சப்பாத்தியைப் பறித்தான். கடுங்குளிரிலும் இரைத்துக்கொண்டிருந்தான். "வயதாக ஆகத் திமிர்" என்று தீர்ப்பளித்தேன். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். இரவில் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்து ஒளித்துவைத்தேன்.

என் மனைவிதான் கேட்டாள்: "வயிறு பானைபோல் தொங்குகிறது, விலாவில் முடி உதிர்கிறது. இதுவும் திமிர்தானா?"

கால்நடை மருத்துவர் சர்க்கரை நோய் இல்லையென உறுதிசெய்துகொண்டார். பிறகு ஓர் ஊசி போட்டு, அதற்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துச் சோதித்தார். குஷிங் நோய் என்றார். சிறுநீரகங்களை அடுத்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரப்பதே இந்நோய். பெரும்பாலான நாய்களில் இதற்கு மூலம், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியாம். மனிதருக்கும் வருவதுண்டு, 1932இல் இதனை விரித்துரைத்த ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயரே நோய்க்கும் அமைந்தது.

"தண்ணீர் குடிப்பதால் சிறுநீர் பெருகவில்லை, சிறுநீர் பெருகுவதால்தான் தாகம். தண்ணீரை மட்டும் தடுத்துவிடாதீர்கள்" என்றார் அவர். நான் தலைகுனிந்தேன்.

இப்போது உணவோடு டிரைலோஸ்டேன் மருந்து கொடுக்கிறோம். நோய் நீங்காது, அடங்கியிருக்கும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்து மிகுந்தாலும் தீங்கே. சோர்வோ வாந்தியோ கண்டால், உணவை வெறுத்தால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை நாட வேண்டும்.

சில வாரங்களில் தாகம் தணிந்தது. மணி மீண்டும் கதவருகே நிற்கிறான். ஆயினும் காலையில் நான் செய்தித்தாளைக் கையிலெடுத்தால் சற்றே ஒதுங்குகிறான்.

அன்பர்களே, வாயில்லாப் பிராணியின் நடத்தை மாறினால், அதுவே அது எழுதித்தரும் விளக்கம். தண்டிக்கும் முன் அதனைப் படியுங்கள்.