மாடு கிறிஸ்துமஸ் வார்த்தை இல்லையாம்!

வருஷக் கடைசியில ஆணி புடுங்குற வேலை கொஞ்சம் குறையும். அமெரிக்கக் கிளையண்ட் எல்லாம் மொத்தமா லீவுல போயிடுவாங்க. பொங்கலுக்கு ரெண்டு நாள் லீவு கேட்டா முறைக்கிற மேனேஜர், டிசம்பர்ல அவரே கூப்பிட்டு "லீவு போட்டுக்கோப்பா" என்பார். அப்படித்தான் போன டிசம்பர்ல ஒரு வாரம் பெங்களூர்லேர்ந்து எங்க ஊர் மண்ணாடிப்பட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வழக்கமா நான் வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஓடிவந்து பையைப் பிடுங்குற அக்கா பொண்ணு அன்னிக்கு வரலை. யூகேஜி படிக்கிற வாண்டு. தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு எட்டிப் பார்த்துது. "என்னாச்சு இவளுக்கு?"ன்னு கேட்டேன். அக்கா ஒண்ணும் சொல்லாம ஒரு பேப்பரை எடுத்துக் கையில கொடுத்தா.

ஸ்கூல்ல கொடுத்த ஒர்க்‌ஷீட். பன்னிரண்டு படம். கிறிஸ்துமஸ் வார்த்தைகளை மட்டும் வட்டம் போடணும். ஸ்னோமேன், ரெயின்டீர், ஸ்லெட்ஜ், ஸ்டாக்கிங், சிம்னி, ஸ்டார், பெல், சான்டா. இதெல்லாம் சரியான விடை. நடுவுல குழப்புறதுக்காக மாங்காய், பஸ், வாளி, மாடு. நம்ம வாண்டு ஸ்டார், பெல், சான்டா மூணுக்கும் வட்டம் போட்டுட்டு, மாட்டுக்கும் சேர்த்துப் போட்டிருக்கு. மாட்டு மேல மட்டும் சிவப்பு மையில பெருசா ஒரு பெருக்கல் குறி. கீழ, 8-க்கு 3.

"எனக்கு இங்லீஷ் வராது மாமா."

தூணுக்குப் பின்னாடியிருந்து குரல் மட்டும் வந்துது. அஞ்சு வயசு. சுருக்குன்னு இருந்துதுங்க.

ஏன் அவ்வளவு சுருக்குன்னு தச்சுதுன்னா, அதுக்கு ஒரு கொசுவத்தி சுத்தணும். நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அப்புறம் இஞ்சினியரிங், வேலை. சேர்ந்த முதல் டிசம்பர்ல ஒரு கிளையண்ட் கால். அந்தப் பக்கத்துப் பெரியவர் ரொம்ப அன்பா, "எனி பிளான்ஸ் ஃபார் த ஹாலிடேஸ்?"னு கேட்டார். நான் விறைப்பா, "நோ சார், ஐ ஆம் நாட் டேக்கிங் எனி லீவ்"னேன். ரெண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. 'ஹாலிடேஸ்'னா அவங்களுக்குக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு சேர்ந்த அந்தப் பண்டிகைக் காலம்னு கேன்டீன்ல நண்பன் சொல்லித்தான் தெரிஞ்சுது. இன்னொரு தடவை மெயில்ல 'ஸ்டாக்கிங்'னு பார்த்துட்டு ஷேர் மார்க்கெட் சமாச்சாரம்னு நெனச்சேன். காலுறையாம். அவ்வ்வ்வ்...

சிரிச்சது யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசம் எந்தக் கால்லயும் நானா வாயைத் திறக்கலை. அதனால வாண்டு "வராது"ன்னு சொன்னப்போ, எங்க போய் நிக்கப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துது.

சரி, நாமதான் இஞ்சினியராச்சே, சும்மா விடலாமா? மறுநாளே திருக்கனூர் போய் இருபது வார்த்தைக்குப் படத்தோட கலர் பிரிண்ட் எடுத்து, வெட்டி, அட்டை செஞ்சேன். காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. சரியா சொன்னா ஒரு சாக்லேட். மூணே நாள்ல இருபதுக்குப் பதினெட்டு! எனக்குத் தலைகால் புரியலை. அக்கா கிட்ட காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மூணாம் நாள் சாயங்காலம் தான் குட்டு வெளிப்பட்டுது. ரெயின்டீர் அட்டையில நான் டீயைக் கொட்டிட்டேன்னு புதுசா ஒண்ணு செஞ்சிருந்தேன். அதைக் காட்டினா வாண்டு திருதிருன்னு முழிக்குது. பழைய அட்டையைக் காட்டினா "ரெயின்டீர்!"னு கத்துது. அது மானைப் பார்க்கவே இல்லைங்க, டீக் கறையைப் பார்த்துதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு! டெஸ்ட் கேஸை மட்டும் பாஸ் பண்ற மாதிரி புரோகிராம் எழுதுற ஆளுங்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன். அதையே ஒரு குழந்தைக்குச் செஞ்சு வெச்சிருக்கேன்.

நான் விடாம இன்னொரு தடவை கேட்க, அது உதட்டைப் பிதுக்கிக்கிட்டு, "மாமா, நீ ஊருக்குப் போ"ன்னுடுச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

23-ஆம் தேதி. ரெண்டு தெரு தள்ளி வாசல்ல ஸ்டார் கட்டியிருக்கிற வீட்டுப் பசங்க கையில சாக்கோட வந்து நின்னாங்க. "ஆயா, குடிலுக்கு வைக்கல் வேணும்." எங்க அம்மா, "எடுத்துக்குங்கடா, ஆனா ஒரே எடத்துல உருவாதீங்க, போர் சரிஞ்சுடும்"னாங்க. வாண்டும் தானா போய் ரெண்டு கை நிறைய உருவிக்கிட்டு அவங்க பின்னாடியே ஓடிப்போச்சு. நானும் போனேன். அட்டை எதுவும் எடுத்துக்கலை.

அவங்க வீட்டுத் திண்ணையில மூங்கிலும் பழைய கோணியும் வெச்சு ஒரு மாட்டுக் கொட்டா கட்டிக்கிட்டு இருந்தாங்க. களிமண் பொம்மைங்களை ஒவ்வொண்ணா எடுத்து வெச்சாங்க. ரெக்கை வெச்ச பொம்மையைக் காட்டி வாண்டு, "இந்த அக்கா யாரு?"ன்னுது. "அக்கா இல்லடி, சம்மனசு"ன்னாங்க அந்த வீட்டு ஆயா. எனக்கே புது வார்த்தை. கத்தோலிக்கக் குடும்பங்கள்ல தேவதூதருக்கு ரொம்பக் காலமா புழங்குற பேராம். சம்மனசு, சம்மனசுன்னு வாண்டு நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்துது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "சம்மனசுக்கு இங்லீஷ்ல என்ன மாமா?"

மூணு நாள் நான் தான் கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தேன். அது கேட்ட முதல் கேள்வி இது. "ஏஞ்சல்"னேன். அவ்வளவுதான், ஒரே தடவை. இன்னிக்கு வரைக்கும் மறக்கலை.

அடுத்தது வைக்கல். இங்க்லீஷ்ல என்னன்னு கேட்டுது. "ஸ்ட்ரா"ன்னேன். "பொய்! ஸ்ட்ரா ஜூஸ் குடிக்கிறது." யோசிச்சுப் பார்த்தா விஷயம் அதேதாங்க. அந்தக் காலத்துல நிஜமாவே காய்ஞ்ச தாளை வெச்சுத்தான் உறிஞ்சிக் குடிச்சிருக்காங்க. 1888-ல மார்வின் ஸ்டோன்னு ஒரு அமெரிக்கர் காகிதத்துல ஸ்ட்ரா செஞ்சு காப்புரிமை வாங்கினார். பொருள் மாறிப்போச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. வாண்டு ஒரு நல்ல வைக்கல் தாளா பொறுக்கி, செம்புத் தண்ணியில விட்டு 'புர்ர்'ருன்னு ஊதிப் பார்த்துட்டு ஒத்துக்கிட்டுது.

நடுவுல இருந்த தீவனத் தொட்டி காலியா இருந்துது. "பாப்பா எங்க?" "இன்னும் பொறக்கலடி, நாளைக்கு ராத்திரி பூசைக்கு அப்புறம் தான் வைப்போம்." அதுக்குப் பக்கத்துல பசங்க ஒரு மாட்டை வெச்சாங்க. வாண்டு என் கையை இழுத்து, "மாமா... கவ்!"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சந்தோஷம். அடுத்த நொடியே முகம் சுருங்கிப் போச்சு. "மிஸ் தப்புன்னாங்களே?"

என்ன பதில் சொல்றது? ராத்திரி மொபைலை நோண்டிப் படிச்சேன். லூக்கா எழுதின நற்செய்தியில தொட்டி தான் இருக்கு, மாடு இல்லை. ஆனா 1223-ல இத்தாலியில கிரெச்சோன்னு ஒரு ஊர்ல, அசிசி பிரான்சிஸ் முதன்முதலா குடில் மாதிரி ஒரு காட்சி அமைச்சப்போ, தொட்டியில தீவனத்தைப் போட்டு, நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கார். ஆக, மாட்டுக்குக் குடில்ல எண்ணூறு வருஷ சர்வீஸ். சான்டாவோட வண்டி இழுக்கிற மான் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல வந்து சேர்ந்தது. சிவப்பு மூக்கு ருடால்ஃப் இன்னும் ஜூனியர், 1939-ல ஒரு கடைக்காரங்க விளம்பரப் புத்தகத்துல பொறந்தவர். ஜூனியருக்கு டிக், சீனியருக்குப் பெருக்கல் குறி. எங்க ஆபீஸ் அப்ரைசல் மாதிரியே இருக்கு :-)

இன்னொண்ணும் கண்ணுல பட்டுது. 1978-ல சூசன் கேரி, எல்சா பார்ட்லெட்னு ரெண்டு பேர், மூணு நாலு வயசுக் குழந்தைங்க கிட்ட ஒரு சோதனை செஞ்சிருக்காங்க. பாடம் எடுக்கலை, அட்டை காட்டலை. ரெண்டு தட்டை வெச்சு, "அந்த குரோமியம் தட்டை எடுத்துட்டு வா, நீலம் இல்லை, குரோமியம்"னு போற போக்குல சொல்லியிருக்காங்க. குழந்தைங்களுக்குத் தெரியாத நிறத்துக்கு, கேட்டே இராத பேர். ஆனாலும் நெறைய குழந்தைங்க மனசுல ஏதோ ஒண்ணு ஒட்டியிருக்கு. கையில ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு வார்த்தை. திண்ணையில நடந்தது அதேதான்.

அதுக்கப்புறம் அட்டையைத் தூக்கிப் போட்டுட்டேன். ஸ்னோவுக்கு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் ஓரத்துல படிஞ்சிருந்ததைச் சுரண்டிக் கையில வெச்சேன். நம்மூர் மார்கழிப் பனி வேற, அது வேறன்னு தானா புரிஞ்சுது. சிம்னிக்கு, லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலைப் புகைக்கூண்டைக் காட்டினேன். "இதுக்குள்ள எறங்குனா சான்டா கரி ஆயிட மாட்டாரா?" நியாயமான கேள்வி தானே! ஸ்டாக்கிங்குக்கு என் ஆபீஸ் சாக்ஸையே கொடியில தொங்கவிட்டுக் கடலை மிட்டாய் போட்டேன். அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. மிட்டாய் தீர்றதுக்குள்ள வார்த்தை வந்துடுச்சு.

25-ஆம் தேதி வண்டியில முன்னாடி உக்கார வெச்சு, பத்துக்கண்ணு வழியா வில்லியனூர் மாதா கோவிலுக்குக் கூட்டிப் போனேன். குடில்ல பாப்பாவை வெச்சிருந்தாங்க. எங்களைச் சுத்தி நின்ன கூட்டத்துக்கு வாண்டு தான் கைடு. "இது சம்மனசு, ஏஞ்சல். இது ஸ்ட்ரா. இது கவ், இதுவும் கிறிஸ்துமஸ் தான்." பக்கத்துல நின்ன இலங்கைக்கார அம்மா ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, "எங்கட ஊரில இதை நத்தார் எண்டுதான் சொல்லுவம்"னாங்க. போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போன 'நத்தால்' அங்க நத்தார் ஆயிடுச்சு. நம்ம பாண்டியில செயின்ட் பால் பேர் சம்பா கோவில் ஆன மாதிரி. எந்த ஊர்ச் சொல்லும் நாலு பேர் வாயில புழங்கினாத்தான் நம்ம சொல்லாகும் போல.

லீவு முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போய்ப் பேசணும்னு கிளம்பினேன். அக்கா தடுத்துட்டா. "நீ பேசிட்டு பஸ் ஏறிடுவ. நாளைக்கு அங்க போய் உக்காரப் போறது யாரு?" கோவமா வந்துது, ஆனா அவ சொல்றதும் சரி தான். அந்த மிஸ்ஸும் பாவம், எங்கேயோ டவுன்லோட் பண்ணின தாள், கூட வந்த விடைத்தாள். அத்தனை பிள்ளைங்களுக்கு நடுவுல ஒரு மாட்டைப் பத்தி யோசிக்க அவங்களுக்கு எங்க நேரம்? 8-க்கு 3 அப்படியே தான் இருக்கு. நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பேப்பர்ல மாட்டுக்குப் பக்கத்துல நீல மையில ஒரு டிக் போட்டு, கீழ 'மாமா'ன்னு கையெழுத்துப் போட்டேன். அதை வாண்டு பீரோவுல ஒட்டி வெச்சிருக்கு.

போன வாரம் போன் பண்ணுச்சு. எடுத்த உடனே, "மாமா, வைக்கல் ஸ்ட்ரா. வைக்கப் போருக்கு என்ன?"

எனக்கு டக்குன்னு வரலை. "இரு பாப்பா"ன்னுட்டுத் தேடிப் பார்த்தேன். ஸ்டேக்!

அட, தினமும் ஆபீஸ்ல பத்து தடவை சொல்ற வார்த்தைங்க. காலேஜ்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ல அதுக்கு அரியர் வெச்சவன் நான். அதோட பழைய அர்த்தமே வைக்கப் போர் தானாம். எங்க வீட்டுப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்துது, எனக்கு யாரும் காட்டலை.

"ஸ்டேக்"னு சொன்னேன். "ஒரே எடத்துல உருவுனா ஸ்டேக் சரிஞ்சுடும்"னு சொல்லிட்டுப் போனை வெச்சுடுச்சு.