கொம்புப் பிடி

எனக்குக் கத்தின்னா கிறுக்கு. அப்பா தோல் அறுக்கிற கத்தியைத் தீட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த கிறுக்கு. 2023 மே மாதம், கூட்டமொன்றுக்காகப் பிரான்சு போனவன், தியேர் ஊரில் வருஷா வருஷம் நடக்கிற 'குத்தேலியா' கத்தித் திருவிழாவுக்கும் போனேன். ஆறு நூற்றாண்டுக்கு மேலாகக் கத்தி செய்கிற ஊர் அது. பல நாட்டுக் கத்திக்காரர்கள் மேசை போட்டிருந்தார்கள்.

ஒருவர் மடக்குக் கத்தியொன்றைக் கையில் கொடுத்தார். பிடி மாட்டுக் கொம்பு. விரித்தால் 'டக்'கென்று நிற்குது. கீழே வைக்க மனசு வரலை. செத்த மாட்டின் தோலையும் கொம்பையும் தொட்டவன் என்றுதானே எங்க தாத்தாவை ஊர்த்தெருவுக்குள் விடவில்லை? இங்கே கொம்பைத் தேய்த்து மெருகேற்றியவர் தன் பெயரை எழுதிவைத்து உட்கார்ந்திருக்கிறார். அப்ப தீட்டு கொம்பிலா இருந்தது?

அதுக்காக தியேரைச் சொர்க்கமென்று நினைக்க வேண்டாம். துரோல் ஆற்றுத் தண்ணீரில் சுற்றிய சாணைக்கல்லின் மேல், பலகையில் குப்புறப் படுத்துத்தான் அந்தக் காலத்துத் தொழிலாளிகள் தீட்டினார்கள். குளிருக்குக் காலின்மேல் நாய் படுத்திருக்கும். பழைய அஞ்சலட்டைப் படங்களில் பார்க்கலாம். கல்லிலிருந்து தெறித்த சேறு ஒட்டியதால் 'மஞ்சள் வயிறுகள்' என்று பெயர் வந்தது. பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பெயரைப் பெருமையாகவே சொல்கிறார்கள். எங்க பேரைச் சொன்னா இன்னும் வாடகைக்கு வீடு கிடைக்கலை.