மூக்கை மறந்த மேதைகள்

"முன்னோர் சொன்னார் என்பதற்காக நம்பாதே! மூத்தோர் எழுதினார் என்பதற்காக ஒப்பாதே! ஆராய்ந்து பார்!" - மேடையிலே இப்படி முழங்கிவிட்டு வீடு திரும்பினோம் ஒரு மாலை. கைதட்டல் ஒலி காதைவிட்டு அகலவில்லை. அப்படித் திரும்பிய நம்மை, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே கேள்வியால் மடக்கிவிட்டாள்.

முற்றத்திலே சிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து விழுந்து கிடந்தது. எடுத்துக் கூட்டில் வைக்கப் போனாள் நம் அண்ணன் மகள். "தொடாதே கண்ணு! மனித வாடை பட்டால் தாய்க்குருவி சேர்க்காது" என்றார் நம் அன்னையார். நாம் விடுவோமா? "மூடநம்பிக்கை! பறவைக்கு மணமே தெரியாது. நூலிலே படித்திருக்கிறோம்" என்று தீர்ப்புக் கூறினோம். சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். "அந்த நூலை எழுதினவர் சோதித்துப் பார்த்தாரா, சித்தப்பா?" என்று கேட்டாள்.

விடை இல்லை நம்மிடம். தேடினோம். தேடத் தேடத் தலை குனிந்தது. அன்னையார் சொன்னது தவறுதான். மனிதர் தொட்டதற்காகத் தாய்க்குருவி குஞ்சைக் கைவிடுவதில்லை. ஆனால், அதை மறுக்க நாம் காட்டிய காரணம் இருக்கிறதே, அது அதனினும் பெருந்தவறு! ஏட்டிலே இருந்ததால் அதை நம்பினோம். ஓலையை நம்பியவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு, தோழர்களே?

அந்தத் தவறு பிறந்த கதை கேளுங்கள். 1826-ஆம் ஆண்டு. ஜான் ஜேம்ஸ் ஆடுபான் - பறவைகளை உயிரோடு நிற்பதுபோல் தீட்டிய அமெரிக்க ஓவியர் - ஒரு கட்டுரை வெளியிட்டார். உலர்புல் அடைத்த மான்தோலை வெட்டவெளியில் கிடத்தினார். பிணந்தின்னிக் கழுகு இறங்கி வந்து கொத்திற்று. அழுகிய பன்றியின் உடலைப் புதரால் மூடி மறைத்தார், கழுகு கண்டுகொள்ளவில்லை. கழுகுக்குக் கண்தான் வழிகாட்டி, மூக்கு அன்று என்று முடிவு கட்டினார்.

சோதனை செய்தார், உண்மை. ஆனால், அந்தக் கழுகு முற்றும் அழுகிய ஊனைவிடப் புதிய ஊனையே விரும்பும் என்பதை அவர் எண்ணவில்லை. பெரியவர் ஒருமுறை பிழைத்தார்; அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிறியவர் பலர் நூற்றாண்டுக்கு மேலாகப் பிழைத்தனர்! ஒரு கழுகைப் பற்றிய முடிவு, பறவைக் குலத்துக்கே பொருந்தும் சட்டமாகப் பாடநூல்களில் பரவிற்று. 1964-இல் கென்னத் ஸ்டேகர் என்பார், அந்தக் கழுகு மணம் அறிந்தே இரை தேடுகிறது என்று மெய்ப்பிக்கும் வரை, ஆடுபான் வாக்கு அசையாமல் நின்றது.

மூக்கை மறந்த மேதைகளுக்கு மூக்கை நினைவூட்டியோர் யார்? இங்கேதான் உவகை பொங்குகிறது நமக்கு. முன்னணியில் நின்றோர் பெண்கள்!

பெட்சி பேங் என்பவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படம் வரைந்தவர். கணவர் பறவைகளின் மூச்சு நோய்களை ஆராய்ந்தார். அதற்காக அம்மையார் பறவைகளின் மூக்கறைகளை அறுத்துப் பார்த்து வரைந்தார். உள்ளே சுருள் சுருளாக மடிந்த அறைகள்! மணமே அறியாத உயிருக்கு இத்தனை அறைகள் எதற்கு? கேள்வி எழுந்தது, 1960-இல் கட்டுரையாக வெளிவந்தது. 1968-இல் ஸ்டான்லி காப் என்பவரோடு சேர்ந்து, 108 வகைப் பறவைகளின் மூளையில் மணத்துக்குரிய பகுதியை அளந்து வெளியிட்டார். முதலிடம் பெற்றது எது? அண்டார்க்டிக்காவின் பனிப் பெட்ரல் என்னும் கடற்பறவை! ஆல்பட்ராஸ், பெட்ரல் முதலிய குழாய்மூக்குக் கடற்பறவைகளுக்கு அந்தப் பகுதி பெரிதாக இருந்தது.

பெர்னிஸ் வென்செல் என்பவர், லாஸ் ஏஞ்செல்ஸ் நகரக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியை. புறாக்களுக்கு மணமூட்டிய காற்றைச் செலுத்தி, இதயத் துடிப்பை அளந்தார். துடிப்பு விரைந்தது! நூல் மறுத்ததை நெஞ்சம் ஒப்புக்கொண்டது.

மூன்றாமவர் கேப்ரியெல் நெவிட். கடலிலே மைல்கல் இல்லை, மரம் இல்லை. நான்கு புறமும் நீர். அந்த வெறுவெளியில் பறவை எப்படி இரையைக் கண்டுபிடிக்கிறது? விடை தேடி அண்டார்க்டிக் கடலுக்குக் கப்பலேறினார். 1990-களின் தொடக்கத்தில் ஒருமுறை, புயல் அலை கப்பலைத் தூக்கி எறிய, அவர் தூக்கி வீசப்பட்டார், சிறுநீரகம் கிழிந்தது. கரை சேர்ந்த கப்பலிலே படுத்துக் கிடந்தபோது, அடுத்த பயணத்துக்கு வந்த காற்று வேதியியலர் டிம் பேட்ஸ் அவரைச் சந்தித்தார். தாம் அளக்கும் டைமெத்தில் சல்பைடு என்னும் வளியைப் பற்றிச் சொன்னார்.

அது என்ன வளி? கடலில் மிதக்கும் நுண்பாசிகளைக் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர்கள் மேயும்போது, சிதைந்த பாசியிலிருந்து கிளம்புவது. எங்கே மேய்ச்சலோ அங்கே மணம். எங்கே மணமோ அங்கே இரை! பேட்ஸ் காட்டிய வரைபடத்தில், அந்த வளி மலையும் பள்ளத்தாக்குமாக எழுந்தும் தாழ்ந்தும் கிடந்தது. நம் கண்ணுக்கு வெறுமையான கடல், பறவையின் மூக்குக்கு ஒரு நாடு என்று நெவிட் உணர்ந்தார்.

உணர்ந்ததோடு நின்றாரா? இல்லை, சோதித்தார். தென் ஜார்ஜியாத் தீவையொட்டிய கடலில், அந்த மணம் கலந்த எண்ணெயையும், கலவாத எண்ணெயையும் பரப்பி, வந்த பறவைகளை எண்ணினார். பிரையன்களும், வெண்தாடைப் பெட்ரல்களும், புயற்பெட்ரல்களும் மணமுள்ள இடத்துக்கே மிகுதியாக வந்தன. கரும்புருவ ஆல்பட்ராஸ் பொருட்படுத்தவில்லை. வராத பறவையையும் மறைக்காமல் 1995-இல் வெளியிட்டார். அதுவன்றோ நேர்மை!

கதை இங்கே முடிந்திருந்தால் மகிழ்ந்திருப்போம். 2016-இல், நெவிட்டின் மாணவர் மாத்யூ சவோகாவும் தோழர்களும் வேறொன்று கண்டனர். கலிபோர்னியாக் கடலில், வலைப்பையிலே பிளாஸ்டிக் மணிகளை இட்டு மிதக்க விட்டனர். ஒரு திங்கள் நிறையுமுன்னே, பாசி படிந்த பிளாஸ்டிக்கிலிருந்து அதே மணம் கிளம்பிற்று! அந்த மணத்தைப் பின்தொடரும் பறவையினங்களே பிளாஸ்டிக்கை மிகுதியாக விழுங்குகின்றன என்றும் அவர்கள் கூறினர்.

2017-இல் வேறு அறிஞர்கள், சான்று போதாது என்று அதே இதழில் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவர், 2005-இல் நெவிட்டோடு சேர்ந்து ஆராய்ச்சி வெளியிட்ட பொனடோனா! சவோகா குழுவினர் விடை எழுதினர். யாரையும் யாரும் பாவி என்று பழிக்கவில்லை; நண்பர் என்பதற்காகத் தலையாட்டவுமில்லை. அறிவுலகத்தின் ஒழுக்கம் இது.

எண்ணிப் பாருங்கள். பறவையின் மூக்கு பொய் சொல்லவில்லை. மணம் இருந்த இடத்தில் இரை இருந்தது, எண்ணற்ற தலைமுறையாக. இன்று கடலை மாற்றிவிட்டான் மனிதன், மூக்கு மாறவில்லை. தாய்ப்பறவை, வழிவழியாக வந்த வழியை நம்பிக் குப்பையைக் கொத்திச் சென்று, குஞ்சின் வாயில் அன்போடு ஊட்டுகிறது. "நேற்றுச் சரியாக இருந்தது இன்றும் சரியா?" என்று கேட்க அதற்கு இயலாது. குற்றம் அதனுடையது அன்று. பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டும் நம்முடையது.

நமக்கோ கேட்க இயலும். இயன்றும் கேட்காமல், கிடைத்ததைக் கொத்தி வந்து பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம் - பாட்டி வாடைக் கதையை ஊட்டினார். நாம் நூற்கதையை ஊட்டினோம்! ஊட்டியவரின் அன்பிலே குறையில்லை. ஊட்டிய பண்டத்தை ஆராயாததுதான் குறை.

அண்ணன் மகளிடம் சென்று, "நாங்கள் சொன்னது தவறம்மா, சோதித்தவர் ஒருவர், சரியாகச் சோதிக்கவில்லை" என்றோம். அவள் சிரிக்கவில்லை. "அப்படியானால் சரியாகச் சோதித்தவர் யார்?" என்று கேட்டாள். மூன்று பெண்களின் கதையைச் சொன்னோம். பாட்டியும் பக்கத்தில் அமர்ந்து கேட்டார்.

குருவிக்குஞ்சை அன்றே கூட்டில் வைத்துவிட்டாள் அவள். மறுநாள் காலை தாய்க்குருவி இரையோடு வந்தது. எந்த நூலையும் கேட்காமல், முற்றத்தில் நின்று தன் கண்ணாலேயே அதைக் கண்டவள் அவள்தான். அடுத்த முறை மேடையேறும்போது, பிறரைக் கேள்வி கேட்கச் சொல்லுமுன், நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறோம்: "சோதித்துப் பார்த்தோமா?"